மூச்சு விடும் சுவர்: ஸ்டாப் மோஷனில் டிரேசிங் பேப்பரோடு இரண்டு வருடம்

வீட்டில் ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் ஒரு படமாக எடுத்துக் கோக்கும் முறை) எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, நிழல் மென்மையா விழ மேசை விளக்குக்கு முன்னாடி டிரேசிங் பேப்பர் கட்டினாலே போதும்னு சொன்னீங்களே, இன்னும் அதையேதான் வச்சிருக்கீங்களா?" அவர் கேட்டதற்கு முந்தின நாள்தான் 108 பிரேம்களை அழித்திருந்தேன். பொம்மைத் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரை நடக்கும் காட்சி. நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் ஒன்பது நொடி, அதற்கு ஐந்து மணி நேர வேலை. ஓட்டிப் பார்த்தால் தாத்தா ஒழுங்காகத்தான் நடக்கிறார். அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் மூச்சு விடுகிறது: அதன் மேல் வெளிச்சமும் நிழலும் மெதுவாக அசைகின்றன.

கோபத்தில் எழுதுகிறேன் என்பதால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 60க்கு 45 சென்டிமீட்டர் மரச்சட்டம், அதில் 90 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 90 கிராம்) டிரேசிங் பேப்பர், பின்னால் ஒரு எல்இடி மேசை விளக்கு. ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் பேப்பரை விளக்கின் வாயிலேயே ஒட்டினேன். வெளிச்சம் குறைந்ததே தவிர, நிழல் கத்தி வெட்டியது போல அப்படியே விழுந்தது. நிழலின் ஓரம் கரைவதற்குப் பேப்பர் மட்டும் போதாது. பொம்மை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. விளக்கின் வாயில் ஒட்டிய பேப்பர் விளக்கு அளவுதான். அதையே சட்டத்தில் கட்டி, விளக்கிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, பொம்மைக்கு 40 சென்டிமீட்டரில் நிறுத்தினேன். 18 சென்டிமீட்டர் பொம்மைக்கு அது ஆளுயர ஜன்னலை விடப் பெரிது. மூக்கின் நிழல் கன்னத்தில் மெதுவாகக் கரைந்தது. களிமண் முகத்தில் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறி நெளிகிற விரல் ரேகைகள் பாதிக்கு மேல் மறைந்துபோயின.

நான் எதிர்பார்க்காதது கண்கள். தாத்தாவின் கண்கள் கறுப்புக் கண்ணாடி மணிகள். அதுவரை அவற்றில் பல்ப் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், ஊசி குத்தியது போல. பேப்பர் வந்த பிறகு அந்த மணியில் ஒரு குட்டி ஜன்னல் விழுந்தது. நடுவில் பிரகாசம், ஓரத்துக்குப் போகப் போக மங்கல். தலையைத் திருப்பினால் அந்த ஜன்னல் மணியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு இமை கூட அசைக்காமல் அவர் யோசிப்பது போல இருந்தது. அதன் பிறகு இரண்டு வருடம் வேறு எதையும் நான் தேடவில்லை.

இனி குறை.

சுவர் மூச்சு விடுவதைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. முதலில் கேமராவைச் சந்தேகப்பட்டேன். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) இரண்டையும் கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில் பூட்டினேன். லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) ஒவ்வொரு கிளிக்குக்கும் மயிரிழை வித்தியாசத்தில் மூடும் என்பதால், வளையத்தைக் கையால் திருப்பும் பழைய லென்ஸுக்கு மாறினேன். வெள்ளைச் சட்டை செட்டில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது என்று கறுப்புச் சட்டைக்கு மாறினேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைத் தொடுவதை நிறுத்தி, ஷட்டரை அரை நொடி திறந்திருக்கும்படி வைத்தேன். இவை எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஒவ்வொன்றாகச் சரிசெய்தபோது பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் துடிப்பது நின்றது. ஆனால் சுவரின் மெதுவான அசைவு நிற்கவில்லை.

முதல் பிரேமையும் கடைசி பிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் புரிந்தது. காட்சி முழுக்க நான் தொடாத நாற்காலி ஒன்று. அதன் கால் நிழல் இடம் மாறியிருந்தது. துடிப்பு என்றால் முன்னும் பின்னும் தாவும். இது ஒரே திசையில் நகர்ந்திருந்தது. கேமரா ஒரு பொருளின் நிழலை நகர்த்தாது. நகர்ந்தது பேப்பர்.

டிரேசிங் பேப்பர் காற்றிலிருக்கும் ஈரத்தை உடனே உறிஞ்சும், உடனே விடும். விளக்கின் பக்கம் சூட்டில் காய்ந்து சுருங்க, மறுபக்கம் அப்படியே இருக்க, தாள் வளைகிறது. காலையில் தட்டையாக இருந்தது மதியத்துக்குள் வயிறு போல முன்னால் தள்ளி நிற்கும். பளிச்சென்ற இடம் அதோடு நகரும், நிழலும் நகரும். மென்பொருளில் ஃபிளிக்கரை (வெளிச்சத் துடிப்பை) நீக்கிக்கொள்ளலாம் என்பார்கள். அது மொத்த வெளிச்சத்தை ஏற்றி இறக்கும், அவ்வளவுதான். இடம் மாறிய நிழலை அதனால் பழைய இடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

நான்கு பக்கமும் இறுக்கி ஒட்டிப் பார்த்தேன், மறுநாள் சுருக்கம் விழுந்தது. மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட்டுக் கீழே ஒரு குச்சியைக் கனமாகக் கட்டினேன். வளைவு குறைந்தது, ஆனால் ஃபேனை நிறுத்த வேண்டும், பக்கத்தில் நடந்தாலே ஆடும். ஒரு மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டுத் தாளைக் காயவிடுவது ஓரளவுக்குப் பலன் தந்தது. எல்இடியின் வெளிச்சமும் சூடேறும் வரை லேசாகக் குறைந்துகொண்டே வரும் என்பதால், எந்தத் தாள் வைத்தாலும் அந்தப் பழக்கம் நல்லது. ஆனால் வெளியே மழை பிடித்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஹாலஜன், குண்டு பல்ப் பக்கமே இந்தத் தாளைக் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும்.

சினிமாவின் தொடக்ககாலப் பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியஸ் 1897இல் பாரிஸ் அருகே மோன்த்ரெய் என்ற ஊரில் கட்டிய கண்ணாடி ஸ்டுடியோவில் வெயிலை மென்மையாக்க மங்கல் கண்ணாடியும் துணித் திரைகளும்தான் இருந்தன. அங்கே நடிகர் சில நிமிடங்களில் நடித்து முடித்துவிடுவார். துணி லேசாக ஆடினாலும் யாருக்கும் தெரியாது. நம் வேலையில் ஐந்து மணி நேரம் ஒன்பது நொடியாகச் சுருங்குகிறது. அந்த ஐந்து மணி நேரத்தில் வெயில் 75 டிகிரி நகர்ந்துவிடும் என்றுதானே ஜன்னலை மூடிவிட்டு விளக்குக்கு வந்தோம்? வந்த இடத்தில் தாளும் நகர்ந்தால் எப்படி?

தம்பிக்கு நான் சொன்ன பதில்: டிரேசிங் பேப்பர் வேண்டாம். வரைபடம் போடப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் டிராஃப்டிங் ஃபிலிமை வாங்கிச் சட்டத்தில் கட்டுங்கள். பார்க்க அதே போல மங்கலாக இருக்கும், ஈரத்துக்கு மசியாது. விளக்குக்கும் அதற்கும் நடுவில் 30 சென்டிமீட்டராவது விடுங்கள்.

அழித்த 108 பிரேமையும் ஃபிலிம் வைத்துத் திரும்ப எடுத்துவிட்டேன். சுவர் அசையவில்லை, நாற்காலி நிழல் முதல் பிரேமில் இருந்த இடத்திலேயே கடைசி வரை இருக்கிறது. ஆனால் ஃபிலிமின் மங்கல் கொஞ்சம் மெல்லியது. ஜன்னலருகே வந்து தாத்தா முகத்தைத் திருப்பும்போது மணிக் கண்ணில் பல்பின் வட்டம் தெரிகிறது. அந்த ஒரு குளோசப், இரண்டே நொடி, 24 பிரேம். அதற்கு மட்டும் பழைய சட்டத்தை வெளியே எடுத்து, நேற்று இரவிலிருந்து விளக்கின் முன் காயவைத்திருக்கிறேன்.