பழைய மோட்டார் சைக்கிளுக்கு விலை சொல்லும் இணையக் கணிப்பான்கள்: எதுவரை நம்பலாம்?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கவோ விற்கவோ முடிவெடுத்தவர்கள் இன்று முதலில் நாடுவது பெரும்பாலும் விலை கணித்துச் சொல்லும் இணையச் சேவைகளைத்தான். நிறுவனம், மாடல், தயாரான ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர், வண்டியின் நிலை என்று ஆறேழு கேள்விகளுக்கு விடை கொடுத்தால், சில நொடிகளில் ஒரு விலை வரம்பு திரையில் வந்துவிடுகிறது. இத்தகைய சேவைகள் பலவற்றில் ஒரே வண்டியின் விவரங்களைக் கொடுத்து ஒப்பிட்டும், அந்த வண்டிகளை நேரில் சோதித்தும் பார்த்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன். எந்தச் சேவையின் பெயரையும் குறிப்பிடவில்லை. அவற்றின் அடிப்படை முறை ஏறத்தாழ ஒன்றுதான், குறைகளும் ஒன்றுதான். என் தீர்ப்பு இது: இவை சொல்லும் தொகை அந்த மாடலின் சராசரி வண்டிக்கு உரியது. உங்கள் முன் நிற்கும் வண்டிக்கு உரிய விலை அதிலிருந்து தொடங்கிக் கணக்கிட வேண்டிய ஒன்று. அந்தக் கணக்கை எந்தக் கணிப்பானும் இன்றுவரை நமக்காகச் செய்து தருவதில்லை.

இவை நன்றாகச் செய்வதை முதலில் சொல்லிவிட வேண்டும். விற்பவர் மனத்தில் எப்போதும் நிற்பது தாம் புதிதாக வாங்கியபோது கொடுத்த விலை; வாங்குபவர் மனத்தில் நிற்பது தம் கையிலிருக்கும் பணம். இரண்டுக்கும் வண்டியின் இன்றைய மதிப்போடு தொடர்பில்லை. புதிய வண்டியின் மதிப்பு முதல் ஆண்டில் மிக வேகமாகவும், பிறகு ஆண்டுக்கு ஆண்டு மெதுவாகவும் குறைகிறது என்பதையும், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் மாடல்களின் மதிப்பு அதே வயதுள்ள மற்ற வண்டிகளைவிட நின்று நிலைக்கிறது என்பதையும் கணிப்பான்கள் ஒழுங்காகவே காட்டுகின்றன. பேச்சு தொடங்கும் முன்பே இரு தரப்பும் ஒரே வரம்பைப் பார்த்துவிடுவதால், வீண் பேரம் பெருமளவு குறைகிறது. இந்த ஒரு பயனுக்காகவே இவற்றைப் பயன்படுத்தச் சொல்வேன்.

குறை தொடங்குவது அவற்றின் தரவில். பெரும்பாலான கணிப்பான்கள் விளம்பரங்களில் கேட்கப்படும் விலைகளைத் திரட்டியே கணிக்கின்றன. வண்டி உண்மையில் கைமாறிய தொகை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் மட்டுமே தெரியும். இதில் கவனிக்கப்படாத ஒரு சாய்வும் இருக்கிறது. நியாயமான விலை சொன்ன விளம்பரம் இரண்டு மூன்று நாளில் விற்று மறைந்துவிடுகிறது. மிகையாக விலை சொன்ன விளம்பரமோ வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. ஆகவே எந்த நாளில் போய்த் திரட்டினாலும் விற்காத விலைகள் விற்ற விலைகளைவிட அதிகமாக அகப்படும், சராசரியும் மேல்நோக்கி இழுபடும். இந்தக் காரணத்தால், ஒரு சேவை தரும் வரம்பின் நடுப்புள்ளியை விற்பவர் பேச்சைத் தொடங்கும் இடமாகவும், கீழ்ப்பாதியைப் பேச்சு முடியும் இடமாகவும் எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கிறது. அதே மாடலின் விளம்பரங்களை இரண்டு வாரம் தொடர்ந்து பார்த்து, எவை மறைகின்றன, எவை நிற்கின்றன என்று குறித்து வைத்தால் கணிப்பானைவிடத் தெளிவான விடை கிடைக்கும். பொறுமை தேவைப்படும் வேலைதான். ஆனால் இதற்கு ஈடான வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சேவை காட்டும் தொகை எந்த வகை விற்பனைக்கு உரியது என்பதையும் பார்க்க வேண்டும். வியாபாரி தனிநபரிடம் வாங்கும் விலை, தனிநபர் தனிநபருக்கு விற்கும் விலை, வியாபாரி கடையில் வைத்து விற்கும் விலை என்று ஒரே வண்டிக்கு மூன்று விலைகள் உண்டு. கடை விலையில் பழுது பார்த்த செலவும், குறுகிய கால உத்தரவாதமும், வியாபாரியின் லாபமும் சேர்ந்திருக்கின்றன. எந்த உத்தரவாதமும் தராத தனிநபர் கடை விலையைக் கேட்பது நியாயமன்று. வியாபாரி தரும் விலையைச் சொல்லித் தனிநபரிடம் அடித்துப் பேசுவதும் நியாயமன்று. நல்ல சேவைகள் இம்மூன்றையும் தனித்தனியாகக் காட்டுகின்றன. ஒரே எண்ணைக் காட்டி, அது எந்த விற்பனைக்கு உரியது என்று சொல்லாத சேவையை நான் ஒதுக்கிவிடுவேன். கணிப்பானை நடத்துபவரே வண்டியை விலைக்கு வாங்கும் நிறுவனமாகவும் இருந்தால், அங்கே காட்டப்படும் தொகை மதிப்பீடு ஆகாது. அது அவர்கள் தர விரும்பும் விலை.

கேள்விகளிலேயே பலவீனமானது வண்டியின் நிலை பற்றிய கேள்வி. ‘மிக நன்று’, ‘நன்று’, ‘சுமார்’ என்ற மூன்று சொற்களில் ஒரு இயந்திரத்தின் பல ஆண்டு வாழ்க்கையை அடக்க முடியாது. விற்பவர் முதலாவதையும் வாங்குபவர் மூன்றாவதையும் தேர்வார் என்பது சொல்லாமலே விளங்கும். கிலோமீட்டரைக் கையாளும் விதமும் முரடானது. குறைவாக ஓடிய வண்டி எப்போதும் மேலானது என்றே கணிப்பான் எடுத்துக்கொள்கிறது. எட்டு ஆண்டில் மிகக் குறைவாக ஓடி, பெரும்பகுதி நின்றே இருந்த வண்டியில் டயர் இறுகிப்போயிருக்கும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்கள் காய்ந்திருக்கும், பழைய பெட்ரோல் கார்புரேட்டரிலோ இன்ஜெக்டரிலோ பிசினாகப் படிந்திருக்கும், டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கக்கூடும். ஒழுங்காக ஓடி, உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்டு, சர்வீஸ் ரசீதுகளோடு வரும் வண்டி அதைவிடப் பல மடங்கு கிலோமீட்டர் காட்டினாலும் நல்ல கொள்முதலாக இருக்கலாம். மேலும், ஓடோமீட்டர் எண்ணை அப்படியே நம்புவது தவறு. புட்ரெஸ்ட் ரப்பர், கியர் லிவர், கைப்பிடி, சீட் ஆகியவற்றின் தேய்மானம் அந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும், பழைய சர்வீஸ் ரசீதுகளில் உள்ள எண்களோடு ஒப்பிடுவதும் அவசியம்.

இனி, கணிப்பான் கேட்காமல் விடுபவை. விலையை உண்மையில் நகர்த்துவது இவைதான். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் பிடிமானம் இழந்திருக்கும், மாற்றியாக வேண்டும். செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) பின்கோடியில் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால், பல்லின் பாதி உயரத்துக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்து முழு செட்டாக மாற்றுவதே முறை. பிரேக் டிஸ்க்கில் அது எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு எழும்பியிருந்தால் அளந்து பார்ப்பது நல்லது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் ஓரிடத்தில் நின்றால், கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கை) மாற்ற வேண்டும். ஓய்விலிருக்கும் 12 வோல்ட் பேட்டரி, முழு சார்ஜில், சுமார் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். எஞ்சின் வேகம் கூடும்போது அது 13.5 முதல் 14.5 வரை உயராவிட்டால் கோளாறு பேட்டரியோடு நிற்கவில்லை, சார்ஜ் ஆகும் அமைப்பிலேயே இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கேட்பதற்கு மாற்று எதுவும் இல்லை. நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை காத்திருங்கள், அல்லது வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது வரும் தடங்கலும், எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினின் சலசலப்பும், முதல் நிமிடத்துப் புகையும் சூடான பிறகு மறைந்துவிடக்கூடியவை. நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். திரவக் குளிர்விப்பு உள்ள வண்டியில் சூடான பிறகும் ஓயாத வெண்புகை, கூலன்ட் உள்ளே கசிவதைக் காட்டும். கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் சிறு செலவு போதும். மற்ற இரண்டும் எஞ்சினைப் பிரிக்க வைக்கக்கூடியவை, அதனால் வண்டியின் விலையையே மாற்றக்கூடியவை.

இவற்றைக் கண்டறிந்த பிறகு எவ்வளவு கழிப்பது என்பதில்தான் வாங்குபவர்கள் பலர் அத்துமீறுகிறார்கள். டயர் தேய்ந்திருக்கிறது, ஆகவே புதிய டயரின் முழு விலையையும் கழிக்க வேண்டும் என்கிறார்கள். அது சரியன்று. கணிப்பான் சொன்ன சராசரி வண்டியிலும் டயர் ஏறத்தாழப் பாதி தேய்ந்துதான் இருக்கும். அந்தப் பாதித் தேய்மானம் விலையில் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆகவே தேய்ந்து மாறும் பாகம் முற்றும் முடிந்திருந்தால் மாற்றும் செலவில் பாதியைக் கழிப்பதும், புதிதாக இருந்தால் பாதியைக் கூட்டுவதும் பொருத்தம். எண்ணெய்க் கசிவு போன்ற கோளாறு வேறு வகை: சராசரி வண்டியில் அது இருக்காது, ஆகவே செலவு முழுவதையும் கழிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, கணிப்பான் தந்த விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இரு டயர்களும் முடிந்துவிட்டன, மாற்ற 8 பங்கு செலவு. செயின் செட்டும் முடிந்துவிட்டது, 6 பங்கு. ஃபோர்க் சீல் கசிகிறது, 3 பங்கு. டேப்பட் (எஞ்சின் வால்வு இடைவெளி) சரிபார்ப்போடு கூடிய பெரிய சர்வீஸுக்கு நேரம் வந்துவிட்டது, 4 பங்கு; இதையும் தேய்மானம் போலவே பாதியாகக் கணக்கிட வேண்டும். பேட்டரி மட்டும் புதிது, அதன் விலை 2 பங்கு. டயருக்கு 4, செயினுக்கு 3, சீலுக்கு 3, சர்வீஸுக்கு 2 என்று கழித்து, பேட்டரிக்கு 1 கூட்டினால் 89 பங்கு வருகிறது. பேட்டரியைக் கண்டுகொள்ளாமல் மற்றவற்றை முழுச் செலவிலேயே கழித்திருந்தால் 79 ஆகியிருக்கும், விற்பவருக்கு அநீதி. எதையும் பார்க்காமல் 100 கொடுத்திருந்தால் வாங்குபவருக்கு அநீதி. இதில் ஒரு எச்சரிக்கை: கணிப்பானில் ‘சுமார்’ என்று தேர்ந்துவிட்டு, அதன்மேல் இந்தக் கழிவுகளையும் செய்தால், ஒரே குறைக்கு இருமுறை கழித்ததாகும். ‘நன்று’ என்று கொடுத்துவிட்டுக் கழிவுகளை நாமே செய்வதுதான் ஒழுங்கு.

விபத்தின் தடயம் இந்தக் கணக்குக்குள் வராது. லிவர் முனை, ஹேண்டில் முனை, புட்ரெஸ்ட் முனை ஆகியவற்றில் சிராய்ப்பு மட்டும் இருந்தால் வண்டி நின்ற இடத்தில் சாய்ந்திருக்கலாம். அது சிறிய கழிவு. ஹேண்டில் திரும்பும் எல்லையைத் தடுக்கும் கட்டைகள் நசுங்கியிருந்தாலோ, சேஸில் வெல்டிங்கோ புதிய பெயின்ட்டோ தெரிந்தாலோ, சக்கரங்கள் நேர்கோட்டில் இல்லாவிட்டாலோ, விலை குறைத்துப் பேசுவதில் பொருளில்லை; விட்டுவிட வேண்டும். சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவு ஆவணத்தோடு ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்துப்போகாவிட்டாலும், கடனில் வாங்கிய வண்டிக்குக் கடனைத் தீர்த்ததற்கான கடிதம் இல்லாவிட்டாலும் அப்படியே. இவற்றுக்குத் தள்ளுபடி விலை என்று ஒன்று கிடையாது. கூடுதலாகப் பூட்டிய அலங்காரப் பாகங்களுக்கு நான் எதையும் கூட்டுவதில்லை. மாற்று சைலன்சர் பூட்டியிருந்தால், கழற்றிய அசல் சைலன்சரும் கூடவே வருகிறதா என்றுதான் கேட்பேன்.

சில சேவைகள் கட்டணம் பெற்றுக்கொண்டு மெக்கானிக் ஒருவரை நேரில் அனுப்பிச் சோதனை அறிக்கையும் தருகின்றன. வண்டியைத் தாமே சோதிக்கத் தெரியாதவருக்கு இது தகும் செலவு, அந்த மெக்கானிக் விற்பவரைச் சாராதவராக இருக்கும்வரை. நல்ல அறிக்கை டயர் தேதியையும் பேட்டரி வோல்ட்டையும் எண்ணாகவே எழுதும்; எல்லாக் கட்டங்களிலும் சரி என்று குறியிட்ட அறிக்கையால் விலை பேச முடியாது.

கணிப்பான்களை அறவே ஒதுக்க வேண்டிய இடமும் உண்டு. மிகக் குறைவாக விற்ற மாடல்களுக்கும், உற்பத்தி நின்று நெடுங்காலமான வண்டிகளுக்கும் போதிய விளம்பரங்களே இருப்பதில்லை. இருந்தும் திரையில் அதே குறுகிய வரம்பு, அதே உறுதியோடு வந்து நிற்கிறது. எத்தனை வண்டிகளின் விவரத்தை வைத்துக் கணித்தோம் என்பதை விலைக்கு அருகிலேயே ஒவ்வொரு சேவையும் எழுத வேண்டும். அந்த எண் சிறியதாக இருக்கும் வண்டிகளுக்கு, அதே மாடலை வைத்திருப்பவர்களிடமும், அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடமும் கேட்டு, உதிரிபாகம் கிடைக்குமா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.