பனீர் உறைக்குள் புரத நானோ இழை: ஸெயினா, ஜெலட்டினா?

நுண்ணுயிர்களைத் தடுத்து உணவைக் காக்கும் நானோ இழைகளை இயற்கைப் புரதங்களிலிருந்து நூற்க முனைபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது எந்தப் புரதம் என்பதைத்தான். பனீர் உறையின் உட்புறத்தில் வைக்கும் இழைப் படலத்துக்காக அந்தத் தேர்வைச் செய்ய நேர்ந்தபோது, மக்காச்சோளத்தின் சேமிப்புப் புரதமான ஸெயினும், விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலுள்ள கொலாஜனிலிருந்து கிடைக்கும் ஜெலட்டினும் கடைசிவரை போட்டியில் நின்றன. நான் ஸெயினைத் தேர்ந்தேன். ஈரமான உணவுக்கு இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

மற்ற புரதங்கள் தொடக்கத்திலேயே விலகிவிட்டன. மோர்ப் புரதம், முட்டை வெண்கரு, சோயாப் புரதம் ஆகியவற்றின் மூலக்கூறுகள் உருண்டையாகச் சுருண்டிருப்பதால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதில்லை; பாலிஎத்திலீன் ஆக்சைடு போன்ற ஒரு பாலிமரைத் துணைக்குச் சேர்க்காவிட்டால் இழைக்குப் பதிலாகத் துளிகளே சிதறும். பட்டு ஃபைப்ராயின் அருமையான பொருள்தான். ஆனால் பசையான செரிசினை நீக்கி, செறிந்த லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, அந்த உப்பைச் சவ்வூடு பகுப்பால் நாள்கணக்கில் வெளியேற்றிய பிறகே நூற்பு வேலையைத் தொடங்க முடியும் என்பதால், உணவு உறை போன்ற மலிவான பயன்பாட்டுக்கு அது ஒத்துவராது.

நூற்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. சிரிஞ்சிலிருந்து மெல்லத் தள்ளப்படும் புரதக் கரைசலுக்குப் பொதுவாக 10 முதல் 30 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்தால், ஊசி முனையில் திரளும் துளி கூம்பாகி, அதன் நுனியிலிருந்து மெல்லிய தாரை கிளம்பி, கரைப்பான் பறக்கப் பறக்க இழையாகித் தகட்டில் படிகிறது. இழையின் குறுக்களவு பெரும்பாலும் சில நூறு நானோமீட்டர்தான். அதனால் சிறிதளவு புரதத்திலேயே மிகப் பெரிய மேற்பரப்பு கிடைக்கிறது, உள்ளே பொதிந்த எதிர்நுண்ணுயிர்ப் பொருள் வெளிவருவதும் எளிதாகிறது.

விலையிலும் கிடைக்கும் எளிமையிலும் ஜெலட்டினே முந்துகிறது. சைவ உணவாக வாங்கப்படும் பனீருடன் விலங்குப் புரதத்தை வைப்பதை நம் நாட்டில் பலர் ஏற்கமாட்டார்கள் என்பது அதற்கு எதிரான வெளிப்படையான காரணம். இவ்விரண்டையும் நான் அதிகம் எடைபோடவில்லை. என் முடிவைத் தீர்மானித்தது, நூற்று முடித்த இழை ஈரத்தைச் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்ற ஒரே கேள்விதான்.

பனீரில் பாதிக்கு மேல் நீர்தான். மூடிய உறைக்குள் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ முழு அளவை எட்டும்; குளிர்பெட்டியில் அடிக்கடி எடுத்து வைத்தால் உட்புறத்தில் நீர்த்திவலைகளும் படியும். ஜெலட்டின் இழை அத்தகைய ஈரம் பட்டதும் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, பிசினாகிக் கரையத் தொடங்குகிறது. இழை கரைந்தால் அதனுள் வைத்த எதிர்நுண்ணுயிர் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும்; மெல்ல மெல்ல வெளிவர வேண்டும் என்பதற்காகவே இழையாக நூற்ற உழைப்பு அத்துடன் வீணாகிறது.

இதைத் தடுக்கப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு செய்யலாம் என்று ஜெலட்டினை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். அது செய்யக்கூடியதே. ஆனால் பெரும்பாலான வழிகள் நாம் காக்க நினைக்கும் மருந்தையே தாக்குகின்றன. குளுடரால்டிஹைடு ஆவியில் வைத்தால், அது புரதத்தின் அமினோ தொகுதிகளைப் பிணைப்பதோடு நில்லாமல், நிசின் (பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதம்) போன்ற பெப்டைடு மருந்தின் அமினோ தொகுதிகளையும் பிடித்துக்கொள்கிறது. தவிர, நச்சுத்தன்மை கொண்ட அந்தப் பொருளின் எச்சம் உணவைத் தொடும் படலத்தில் இருக்கக் கூடாது. வெற்றிடத்தில் 100 டிகிரி செல்சியசுக்கு மேல் மணிக்கணக்கில் சூடாக்கினால் ஜெலட்டின் உறுதிப்படும், ஆனால் தைமால், யூஜெனால் போன்ற ஆவியாகும் எதிர்நுண்ணுயிர்ப் பொருள்கள் படலத்தை விட்டுப் போய்விடும். சர்க்கரை சேர்த்துச் சூடாக்கும் முறையில் இந்த இழப்போடு பழுப்பு நிறமும் சேர்கிறது. ஜெனிபின் என்ற தாவரப் பிணைப்புப் பொருள் மென்மையானது, ஆயினும் விலை மிக அதிகம். வினைபுரிந்ததும் படலத்தை நீலமாக்கும், வெள்ளைப் பனீரின் பக்கத்தில் நீலத்தைப் பார்ப்பவர் பூஞ்சை என்றே நினைப்பார்.

ஸெயினில் நீரை விலக்கும் லூசின், புரோலின், அலனின் ஆகிய அமினோ அமிலங்கள் மிகுதி என்பதால் அது தண்ணீரில் கரைவதே இல்லை; 70 அல்லது 80 விழுக்காடு எத்தனாலில் நன்றாகக் கரைகிறது. 25 முதல் 35 விழுக்காடு வரையான செறிவில் அறை வெப்பநிலையிலேயே நூற்கலாம். செறிவு குறைந்தால் இழையில் மணிமணியாக முடிச்சுகள் விழும். நான் பயன்படுத்திய தைமால், நம் ஓமத்துக்கு அந்தக் காரமான மணத்தைத் தரும் பொருள். ஒரு லிட்டர் நீரில் அது சுமார் 1 கிராம்தான் கரையும், எத்தனாலிலோ தாராளமாகக் கரையும். ஆகவே புரதமும் மருந்தும் ஒரே கரைசலில் சேர்ந்து, ஒரே நூற்பில் இழையாகி, பிந்தைய பதப்படுத்தல் எதுவும் இல்லாமல் பயன்பாட்டுக்கு வந்துவிடுகின்றன. நூற்கும்போது எத்தனாலுடன் தைமாலிலும் ஒரு பகுதி ஆவியாவது உண்மை; எனவே கரைசலில் எவ்வளவு இட்டோம் என்பதை நம்பாமல், படலத்தில் எவ்வளவு எஞ்சியது என்பதை அளந்தே கணக்கிட வேண்டும்.

ஸெயின் ஈரத்தை முற்றிலும் வெல்கிறது என்று நான் சொல்லவில்லை. அது கரையாது, ஆனால் நீரை ஏற்றுக் குழைகிறது. நேரடியாக நனைந்தால் இழைகள் சுருங்கி, ஒன்றோடொன்று உருகியதைப் போல இணைந்து, நுண்துளைகள் அடைபடுகின்றன. உலர்ந்த நிலையிலோ படலம் மடித்தால் முறியும் அளவுக்கு நொறுங்கலாக இருக்கிறது. இதனால்தான் அதைப் பனீரின் மேல் நேராகப் போர்த்தாமல் உறையின் மேற்பகுதியில் உட்புறமாக ஒட்டும் அமைப்பைத் தேர்ந்தேன். தைமால் ஆவியாகவும் வேலை செய்யும் என்பதால் பூஞ்சை வளரும் மேற்பரப்பைத் தொடாமலேயே எட்டுகிறது. அளவு கூடினால் பனீரில் ஓம வாசனை ஏறிவிடும். பூஞ்சையைத் தடுக்கும் அளவும் நாக்கு பொறுக்கும் அளவும் மிக நெருக்கமாக இருப்பது இந்த மருந்தின் குறை, இழையின் குறையன்று.

உணவு வழியே நோய் தரும் லிஸ்டீரியா போன்ற கிராம்-நேர் வகைப் பாக்டீரியாதான் முதன்மை எதிரி, மருந்து நிசின், உணவு உலர்ந்தது அல்லது படலம் உடனே கரைந்து மறைவதே நோக்கம் என்றால் ஜெலட்டினைத் தேர்வதில் பொருள் இருக்கிறது. நிசினுக்கு அமிலச் சூழல் ஏற்றது, ஜெலட்டினையும் பெரும்பாலும் அசிட்டிக் அமிலம் கலந்த நீரில்தான் நூற்கிறோம். பாலூட்டிகளின் ஜெலட்டின் வெறும் நீரில் அறை வெப்பநிலையில் உறைந்து ஊசியை அடைக்கும். குளிர்கடல் மீன் தோலிலிருந்து எடுத்தது அவ்வளவு எளிதில் உறையாது என்பதால் நூற்க வசதியானது. அமிலக் கரைசலை மட்டும் அன்றன்றே தயாரிக்க வேண்டும். வைத்திருந்தால் புரதச் சங்கிலி அறுபட்டுப் பாகுநிலை இறங்கும். இந்த வகையில் என் பழக்கம் குறைவு, ஆகவே இதை ஸெயினைப் பற்றிச் சொல்லும் உறுதியுடன் சொல்லவில்லை.

பெரிய அளவிலான உற்பத்தியிலும் என் அனுபவம் ஒற்றை ஊசியோடு நிற்கிறது. மணிக்கு 1 மில்லிலிட்டர் தள்ளினால் 30 விழுக்காட்டுக் கரைசலிலிருந்து மணிக்குச் சுமார் கால் கிராம் இழைதான் சேரும், அதுவும் ஊசி முனையில் ஸெயின் காய்ந்து அடைப்பதை அவ்வப்போது துடைத்துக்கொண்டிருந்தால். செக் நாட்டின் லிபெரெட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஊசியில்லா நூற்பு முறை இந்தத் தடையைத் தாண்டுகிறது. ஆனால் அங்கே திறந்த பரப்பிலிருந்து எத்தனால் ஆவி எழும், அதன் அருகிலேயே பல பத்து கிலோவோல்ட் மின்னழுத்தம் இருக்கும். ஸெயினைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்ல நினைப்பவர் காற்றோட்டத்துக்கும் தீத் தடுப்புக்கும் ஆகும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்; ஜெலட்டினுக்கும் எனக்கும் இடையிலான இந்த வழக்கு மறுபடி திறக்கப்படுமானால் அது அந்தச் செலவை முன்வைத்துத்தான் இருக்கும்.