“அகலமாப் போட்டா கிரிப்புங்க தம்பி” என்று சொல்கிற டயர் கடையில் உஷார்

கோவையில் பைக்குக்குப் பின் டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். தவிர, இதே வேலையைப் பார்க்கிற கடை இது ஒன்றுதான் என்றும் நான் நினைக்கவில்லை.

என்னுடையது 2019 பல்சர் 150, பின்னால் டிரம் பிரேக் உள்ள மாடல். கம்பெனி கொடுத்த பின் டயர் 100/90-17 (முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயர் சுவரின் உயரம் என்பது). அது மொட்டையாகிவிட்டது, மழைக்காலத்துக்கு முன்னால் அதே அளவில் ஒன்று வேண்டும் என்றுதான் கேட்டேன். கடைக்காரர் டயரைப் பார்த்துவிட்டு, “அந்த சைஸ் இப்ப வர்றதில்லைங்க தம்பி, நிறுத்திட்டாங்க. 130 போட்டுக்கோங்க, பின்னாடி பார்க்கவும் கெத்தா இருக்கும்” என்றார். செயினில் இடிக்காதா என்று கேட்டேன். “ட்வின் டிஸ்க் பல்சருக்கு கம்பெனிக்காரனே அகலமாத்தானே போட்டு விடறான்? அதே வண்டி, அதே 17 இன்ச். நான் கேரண்டி” என்றார். நம்பி 130/70-17 போட்டுக்கொண்டேன்.

முதல் வாக்கியம் முழுப் பொய். 100/90-17 என்பது எம்ஆர்எஃப், சியட், டிவிஎஸ் என்று எல்லோரும் போடுகிற சாதாரண அளவு. அவர் கடையில் இருப்பு இல்லை, அவ்வளவுதான்.

ட்வின் டிஸ்க் கதைதான் விவகாரமானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் உள்ள அந்த மாடலில் பின்னால் 120/80-17 வருகிறது, சரி. ஆனால் கம்பெனி டயரை மட்டும் மாற்றி விற்கவில்லை. முன் ஃபோர்க் தடிமனானது, வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள தூரம், 1320 மி.மீ.யிலிருந்து 1345 ஆனது, முன் டயரும் 80/100-லிருந்து 90/90-க்குப் போனது. வண்டியையே அதற்கேற்ற மாதிரி செய்திருக்கிறார்கள். அதிலும்கூட 120தான், 130 இல்லை.

“அதே 17 இன்ச்” என்பதிலும் ஒரு தில்லுமுல்லு. 17 என்பது ரிம்மின் விட்டம். டயர் சரியாக உட்காருமா என்பதைச் சொல்வது ரிம்மின் அகலம். அலாய் வீலின் ஆரத்தில் MT என்ற எழுத்துகளோடு 2.15, 2.50 என்று அச்சாகியிருக்கும், ஒரு துணியால் துடைத்துப் பார்த்தால் தெரியும். 100/90-17 டயருக்கு 2.15 முதல் 2.75 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் போதும். 120/80-க்கு 2.50 முதல் 3.00. 130/70-க்குக் குறைந்தது 3.00, சரியான பொருத்தம் 3.50. என் ரிம் 3.00-க்குக் கீழே. 130 டயரை அதில் மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி மேடாகத் தூக்கிக்கொள்ளும். அகலத்துக்கென்று காசு வாங்குகிறார்கள், ரோட்டில் படுவதோ நடுவில் ஒரு பட்டை. புது டயரின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் முடிகள் கடைசிவரை உதிரவே இல்லை. ஓரம் தரையைத் தொட்டால்தானே உதிரும்!

உயரக் கணக்கைச் சொல்லியும் மடக்கினார். அது மட்டும் சரி. 100/90-17 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 612 மி.மீ., 130/70-17 ஏறக்குறைய 614. உயரத்தில் வித்தியாசமே இல்லை என்பதால் மாட்டி நிறுத்தும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். மீதி 30 மி.மீ. பக்கவாட்டில் போகிறது, அங்கேதான் செயின் ஓடுகிறது.

வண்டியை எடுத்த நாளிலிருந்தே ஒரு பக்கம் இழுத்தது. கேட்டதற்கு, “புது டயர் அப்படித்தாங்க இருக்கும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க” என்றார். குன்னூர் மலைப்பாதையில் ஈர ரோட்டில் வளைவெடுக்கும்போது வண்டி முதலில் சாயவே மறுத்தது, பிறகு சட்டென்று விழுகிற மாதிரி சாய்ந்தது. இறங்கிப் பார்த்தால் டயரின் இடது பக்கச் சுவரில் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்த கோடு. செயின் கவருக்குள் ரப்பர் துகள், அழிப்பான் தேய்த்த மாதிரி சுருள் சுருளாக, செயின் கிரீஸில் ஒட்டிக் கிடந்தது.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். மெக்கானிக் தம்பி டயரைக்கூடப் பார்க்கவில்லை, குனிந்து நேராகச் செயின் அட்ஜஸ்டரைத்தான் பார்த்தான். “அண்ணா, இதைப் பாருங்க” என்று, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளைக் காட்டினான். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டிய ஆக்சில் (சக்கர அச்சு), வலது பக்கம் இரண்டு கோடு பின்னால் இருந்தது. டயர் செயினில் இடிக்கிறது என்று மாட்டும்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சக்கரத்தையே கோணலாக வைத்து, செயின் கவரின் உள் ஓரத்தையும் அறுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அறுத்த இடத்தில் கருப்பு பெயின்ட் வேறு! சக்கரம் கோணலாக ஓடியதில் செயின் ஓடும் பின் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. ஆக, செயின் செட்டும் போச்சு.

காற்றும் 40 பி.எஸ்.ஐ. வைத்திருந்தார்கள். இந்த வண்டிக்குத் தனியாகப் போனால் பின்னால் 28, ஆள் ஏறினால் 32.

சரி, தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுவோம் என்று தேடினேன். டயர் சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 0821. அதாவது 2021-ன் எட்டாவது வாரம். நான் வாங்கியது 2025-இல், “நேத்துதாங்க லோடு இறங்குச்சு” என்ற வசனத்தோடு.

திரும்பக் கடைக்குப் போனால், அந்த மரியாதையெல்லாம் காணாமல் போயிருந்தது. “நீங்க கேட்டதைத்தான் போட்டோம்” என்றார். பில்லை எடுத்தேன். “டயர் 1, ரூ. 4,200” என்று மட்டும் கையால் எழுதிய துண்டுச் சீட்டு. அளவு இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, டயரின் வரிசை எண் இல்லை. டயர் கம்பெனி வாரன்டியும் கைகொடுக்கவில்லை. வந்து பார்த்த ஆள், இந்த ரிம்முக்கு உரிய டயரே இது இல்லை, இதற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

இப்போது வேறு இடத்தில் 100/90-17 மாட்டி ஓட்டுகிறேன். விலை பாதிகூட ஆகவில்லை. வண்டி பழையபடி நேராகப் போகிறது.

டயர் வாங்கப் போகிறவர்கள் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டிக்கர் உரிந்திருந்தால் ஓனர் மேனுவலில் இருக்கும். எண்களுக்குப் பின்னால் வருவதையும் பாருங்கள். 55P என்றால் அந்த டயர் 218 கிலோ தாங்கும், 150 கி.மீ. வேகம் வரை பொருந்தும். உங்கள் வண்டிக்குச் சொல்லியிருப்பதைவிடக் குறைவாக வாங்கவே வேண்டாம். கொஞ்சம் அகலம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் 110/80-17 பற்றி விசாரிக்கலாம், ரிம் அளவு 2.15 முதல் 3.00-க்குள் இருந்தால் உட்காரும். அதற்கு மேல் போவதென்றால் ரிம்மும் மாற்ற வேண்டும், செயின் இடைவெளியும் பார்க்க வேண்டும். டயர் கடையில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை இல்லை அது. மாட்டி முடித்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, செயினுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைகிறதா, அட்ஜஸ்டர் கோடு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள். பில்லில் அளவையும் அந்த நான்கு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே மனு போடலாம். நான் 1915-இல் பதிவு செய்த பிறகு கடையிலிருந்து போன் வந்தது. டயரைக் கொண்டுவந்து கொடுத்தால் இரண்டாயிரம் தருகிறாராம். டயர்தான் என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி, அதைக் கொடுப்பதாக இல்லை. செயின் செட் பில்லையும் சேர்த்து முழுப் பணத்தையும் கேட்டிருக்கிறேன்.