கடையில் பகல், வீட்டில் மின்மினி: 6,850 ரூபா டோர்ச் வாங்கிய கதை

நேற்றுப் பின்னேரம்தான் கடைசியாக அந்தக் கடைக்குப் போய்வந்தேன். கோபம் ஆறவில்லை, எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். புறக்கோட்டையில், கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட மின்சாதனக் கடை. நடைபாதையில் வாங்கி ஏமாந்திருந்தால் என் பிழை என்று விட்டிருப்பேன். போனது 6,850 ரூபா.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், நாலாம் மாடியில். கரண்ட் போனால் லிஃப்ட் நின்றுவிடும். அம்மாவுக்கு 76 வயது, படிக்கட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. சார்ஜ் பண்ணுகிற டோர்ச் இரண்டு வீட்டில் கிடக்கின்றன. 2022இல் 13 மணிநேரம் மின்சாரத்தை வெட்டிய நாளில் அவை எந்த லட்சணத்தில் இருந்தன என்று எங்களுக்குத்தான் தெரியும். பாணந்துறையில் குரங்கு ஒன்றால் நாடே இருண்டதாகச் சொன்னார்களே, 2025 பெப்ரவரி 9, அன்றும் அதே கூத்து. அதனால்தான் சாதாரண பென்டோர்ச் பற்றரியில், அதாவது டபுள் ஏயில் எரிகிற ஒன்றைத் தேடினேன். சந்திக் கடையில் எப்போதும் கிடைக்கும், அவசரத்துக்குச் சுவர் மணிக்கூட்டிலிருந்தும் கழற்றலாம். மலிவுப் பிளாஸ்டிக்கும் வேண்டாம், கையைக் கடிக்கிற வெளிநாட்டுச் சாமானும் வேண்டாம், நடுத்தரமாக ஒன்று போதும்.

கடையில் நின்ற பையன் நல்ல தமிழில், "வாங்கண்ணா" என்றான். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். அம்மாவைப் பற்றி விசாரித்தான். பிறகு கடையின் பின்பக்க லைட்டை அணைத்துவிட்டு டோர்ச்சைக் கூரைக்குப் பிடித்தான். பகல் மாதிரி இருந்தது! "ஒரே ஒரு டபுள் ஏதான் அண்ணா. உங்க அம்மா படியில தைரியமா இறங்கலாம்." நான் கையில் வாங்கிப் பார்த்தேன், கனமான அலுமினிய உடம்பு. மூடியைத் திறக்கப் போனபோது சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டான். "இது சாம்பிள் அண்ணா, உங்களுக்கு சீல் உடைக்காத பெட்டியே தாறேன்." என்ன மரியாதை என்று நினைத்தேன். பெட்டியில் வெளிச்சம் 1200 லூமன், 50 மணிநேரம் எரியும் என்று அச்சடித்திருந்தது. 6,850 ரூபாவைக் காசாகவே கொடுத்தேன்.

வீட்டில் புது அல்கலைன் பற்றரி போட்டு எரித்தால், வெளுத்துப்போன ஒரு வட்டம். இரண்டு படிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அம்மா, "இதுக்கு மெழுகுதிரி பரவாயில்லையேடா" என்றார்.

மேல்மாடிப் பையன் மொறட்டுவையில் எஞ்சினியரிங் படிக்கிறான். பார்த்தவுடனே சொன்னான்: "மாமா, கடையில 14500 போட்டுக் காட்டியிருப்பாங்க." பார்வைக்கு டபுள் ஏ மாதிரியே இருக்கிற லித்தியம் பற்றரியாம் அது, 14 மில்லிமீற்றர் விட்டம், 50 மில்லிமீற்றர் நீளம். ஆனால் டபுள் ஏ 1.5 வோல்ட், அது 3.7 வோல்ட். தன்னிடம் இருந்த ஒன்றைப் போட்டுக் காட்டினான். கடையில் பார்த்த அதே பகல்!

பெட்டியில் போட்டிருந்ததையும் கணக்குப் பார்த்துவிட்டான். ஒரு அல்கலைன் டபுள் ஏயில் இருப்பது ஏறக்குறைய 3 வாட்-மணிநேர சக்தி. 1200 லூமனுக்கு நல்ல எல்.ஈ.டி.க்கே 10 வாட் வேண்டும். அந்தச் சின்னப் பற்றரியால் அவ்வளவு கொடுக்கவே முடியாது, கொடுத்தாலும் கால் மணிநேரத்தில் தீர்ந்துவிடும். 50 மணிநேரமாம்!

கடைக்குப் போன் எடுத்தேன். "நல்ல பற்றரி போடுங்கண்ணா." நல்ல பற்றரி போட்டுக்கொண்டு நேரிலேயே போனேன். அந்தத் தம்பி லீவு, முதலாளி வெள்ளிக்கிழமைதான் வருவார். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனால், முதலாளி இப்போதுதான் வெளியே போனாராம். வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது, அதோடு சரி. நேற்று முதலாளியே அகப்பட்டார். பில்லின் அடியில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்த வரியில் விரலை வைத்தார், விற்ற பொருள் மீளப்பெறப்படமாட்டாதாம். அப்புறம் சொன்னார் பாருங்கள்: "அந்த லித்தியம் பற்றரியும் சார்ஜரும் நம்மகிட்டயே இருக்கு, 2,400க்குப் போட்டுத் தாறேன்." சார்ஜ் பண்ணுகிறது வேண்டாம் என்றுதானே ஐயா 6,850 ரூபா கொடுத்தேன்! பக்கத்தில் அந்தப் பையன் நின்றான். நிமிர்ந்து என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. உங்கள் பற்றரியைக் கையோடு கொண்டுபோங்கள், அதைப் போட்டுத்தான் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறக்க விடாத கடையில் நிற்காதீர்கள். ஒற்றை டபுள் ஏக்கு ஆயிரம் லூமன் என்று போட்டிருந்தால் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். டோர்ச்சின் வெளிச்சத்தையும் எரிகிற நேரத்தையும் ஒழுங்காக அளப்பதற்கான எஃப்.எல்.1 என்ற அளவுமுறைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 14500ஐ டபுள் ஏக்கு மட்டும் செய்த டோர்ச்சில் போடாதீர்கள், கருகிவிடுமாம். பில்லை எறியாதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. காலையில் முதல் வேலை அதுதான். பில்லும் பெட்டியும் மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன், அம்மா பக்கத்தில் மெழுகுதிரிப் பெட்டியை வைத்திருக்கிறார்.