மலை ரயிலுக்கு ஆண்டு பாஸ் வந்தால் எந்த மாதிரி வேண்டும்?

நீலகிரி மலை ரயிலில் எப்போதோ ஒரு தடவை குடும்பத்தோடு வந்து ஏறிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. மாதம் ஒரு தடவையாவது ஏறாவிட்டால் மனசு ஆறாது என்று இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அப்படிப்பட்ட நாலு பேர் குன்னூர் ஸ்டேஷனில் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஆண்டு பாஸில்தான் வந்து நிற்கிறது, அப்புறம் அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பாதையில் தட்டுப்பாடு இருக்கைக்குத்தான். இருக்கைக்கு வழி செய்யாத பாஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் எனக்கு வேண்டாம்.

முதலில் இப்போது எல்லாரும் செய்வது, அதாவது போகும்போதெல்லாம் தனியாக ரிசர்வ் செய்வது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் வண்டிக்கு 60 நாள் முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும். ஏப்ரல், மே என்றால் திறந்த சூட்டிலேயே வெயிட்டிங் லிஸ்ட்தான். கூட இரண்டு பெட்டி மாட்டினால் என்ன என்று கேட்பவர்கள் கல்லாறு தாண்டி ஒரு தடவை கவனித்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம், தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம், அதாவது பல் பல்லாக வெட்டிய இரும்புச் சட்டம், அதைக் கவ்விக்கொண்டு நீராவி இன்ஜின் கீழே இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது, ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஆள் நிற்கிறார். சமவெளி வண்டிக்கு மாட்டுவது போல நினைத்த நேரத்தில் பெட்டி சேர்க்க முடியாத இடம் அது. ஆனாலும் இந்த முறையில் ஒரு நல்லது இருக்கிறது: போகாத மாதத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம், வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில்வே வண்டியை ரத்து செய்தால் கட்டணம் திரும்ப வந்துவிடும்.

அடுத்தது சீசன் டிக்கெட் மாதிரி. நம் ரயில்வேயில் மாதம், மூன்று மாதம், அரையாண்டு, ஓராண்டு என்று பழக்கமான கணக்கு இருக்கிறது. மாதச் சீசனுக்குச் சுமார் 15 ஒற்றைப் பயணக் கட்டணம், ஓராண்டுச் சீசனுக்கு அதைப் போல 10.8 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், 162 ஒற்றைப் பயணம் வருகிறது. வாரம் தவறாமல் போய் வருகிறவருக்கே வருடத்துக்கு 104தான் ஆகும், ஆக இந்தக் கணக்கில் பாஸ் போட்டால் அவருக்கும் நஷ்டம், மாதம் ஒரு தடவை வரும் ரயில் பிரியரைக் கேட்கவே வேண்டாம். தினமும் வேலைக்கோ படிப்புக்கோ வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று இறங்கி ஏறுகிற உள்ளூர்க்காரருக்கு மட்டும் இது சரியாகப் பொருந்தும். போதாததற்குச் சீசன் டிக்கெட் என்றாலே பொதுவாக ரிசர்வ் செய்யாத பெட்டிதான். குன்னூர் - ஊட்டி 19 கிலோமீட்டருக்கு, பல்சட்டம் இல்லாமல் டீசல் இன்ஜினில் ஓடுகிற பகுதிக்கு, அது பரவாயில்லை. கல்லாறு ஏற்றத்துக்கு இந்தப் பாஸ் உதவாது.

மூன்றாவது சுவிட்சர்லாந்து மாதிரி. நம் ரயிலுக்கும் அந்த நாட்டுக்கும் உறவு பழசு. பல்சட்ட முறைக்குப் பெயர் கொடுத்த ரோமன் ஆப்ட் அந்த ஊர்க்காரர், நம் வண்டியைத் தள்ளும் பழைய எக்ஸ் வகை இன்ஜின்கள் அந்த நாட்டு வின்டர்தூர் நகரில் செய்தவை. அங்கே வருடத்துக்கு ஒரு தொகை கட்டி அரைக்கட்டண அட்டை வாங்கிக்கொண்டால் நாட்டில் பெரும்பாலான ரயில்களில் பாதிக் காசுதான், 1871 முதல் ஓடும் ரிகி மலை ரயிலிலும் அது செல்லும். கட்டணம் உச்சத்தில் இருக்கிற நாட்டில் இது பெரிய விஷயம். நம் பக்கம் இரண்டாம் வகுப்பில் பாதி குறைந்தால் மிஞ்சுவது ஊட்டியில் ஒரு டிபன் காசு. அதற்காக ஒரு வருட அட்டை எதற்கு?

நாலாவது பிரிட்டிஷ் மாதிரி, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் அப்படியே தூக்கி வந்து இங்கே வைக்க முடியாது. 1951இல் வேல்ஸில் தலிலின் ரயிலைத் தன்னார்வலர்கள் எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள், 1960இல் இங்கிலாந்தில் புளூபெல் ரயில், அப்புறம் ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினர் ஆனால் பல இடங்களில் இலவசப் பயணமோ சலுகையோ உண்டு. சில பாதைகளில் ஒரு தடவை வாங்கிய டிக்கெட்டே வருடம் முழுக்கச் செல்லும். காலியாகப் போகிற இருக்கையில் பழைய ஆள் ஒருவர் மறுபடி வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை, டீக்கடையிலாவது செலவு செய்வார். நம் வண்டியில் காலி இருக்கை அபூர்வம் என்பதால் அந்தக் கணக்கு இங்கே உதைக்கும். ஓட்டுவதும் ரயில்வே ஊழியர்கள், நாம் போய் இன்ஜினில் கை வைக்க முடியாது. ஆனால் சந்தா என்கிற எண்ணம் நல்லது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்து, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை இது. இன்ஜின் பராமரிப்புக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் வருடா வருடம் மனசார கட்ட நான் தயார், என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆக என் தேர்வு ஒரே பாஸ் கிடையாது. குன்னூர் - ஊட்டிக்கு உள்ளூர்க்காரர்களுக்கான சீசன் டிக்கெட், கூட்டம் நெருக்கும் மே மாதத்திலும் அவர்களுக்கு நிற்க இடம் இருக்கும்படி. மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதிக்குச் சந்தாவோடு சேர்ந்த கூப்பன்: வருடத்துக்கு இத்தனை இருக்கை, வார நாட்களில் மட்டும், கோடை விடுமுறை நீங்கலாக, முழுக் கட்டணமே வாங்கிக்கொள்ளட்டும். சலுகை வேண்டாம், உட்கார இடம் உறுதியாக இருந்தால் போதும். ஜூலை, ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை போனால் மே மாத நெரிசல் இருக்காது, வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும்போது நிதானமாக இறங்கிப் பார்க்கலாம், சுற்றுலாப் பயணியின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டோம் என்ற குறையும் யாருக்கும் இருக்காது.

இன்னொன்றையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் பாதை மூடுகிற நாட்களைப் பாஸ் காலத்தோடு சேர்த்து நீட்டிக் கொடுக்க வேண்டும், யாரும் மனு எழுதாமல் தானாகவே. இந்த ஒரு வரி இல்லாத ஆண்டு பாஸை எந்த மாதிரியில் கொண்டுவந்தாலும் நான் வாங்க மாட்டேன்.