ரூட்டரில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கில் வைஃபை பேக்கப்: இரண்டு கத்திரி வெயில் தாண்டிய பிறகு

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீடு. கீழே கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் அறை, மேலே குடியிருப்பு. கீழே விண்டோஸ் 11 லேப்டாப், மேலே ஒரு மேக்புக். மாடிப்படி ஓரத்தில் ரூட்டர், அதன் யுஎஸ்பி துளையில் 4 டிபி ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பிலும் மேக்கிலும் கூடவே வரும் பேக்கப் மென்பொருள்களான ஃபைல் ஹிஸ்டரியும் டைம் மெஷினும் மணிக்கொரு முறை வைஃபை வழியே தானாகப் பேக்கப் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு கத்திரி வெயிலும் இரண்டு ஐப்பசி மழையும் தாண்டி இது ஓடியதில் தெரிய வந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓடும். ஆனால் மாட்டிய அன்றைக்கு ஓடுகிறதே என்று நம்பி அப்படியே விட்டால் ஆறாவது மாதம் கையை விரிக்கும். 'பேக்கப் டிஸ்க் கிடைக்கவில்லை' என்று திரையில் வந்ததும் எல்லோரும் மென்பொருளைத்தான் நோண்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ப்ளக்கில் இருக்கும், இல்லையென்றால் காற்றில், அதாவது வைஃபை அலையில், இருக்கும். சோதனையையும் அந்த வரிசையில் செய்தால் பாதி நேரம் மிச்சம்.

ப்ளக்கிலிருந்து தொடங்குவோம். கையடக்கமான 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யுஎஸ்பி துளை தரும் 5 வோல்ட்டில்தான் பிழைக்கும். யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. உள்ளிருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் ஒன்றிரண்டு நொடியில் டிஸ்க் கேட்பது 1 ஆம்பியரை நெருங்கிவிடும். ரூட்டரோடு வந்த அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருந்தால் மொத்தமே 12 வாட். அதில் ரூட்டரும் சாப்பிட்டு டிஸ்க்குக்கும் பந்தி வைக்க முடியாது. காதைக் கிட்டே கொண்டுபோனால் கேட்கும்: 'விர்ர்' என்று எழும்பும், 'டிக்' என்று ஒரு தட்டு, அடங்கும், மறுபடி 'விர்ர்'. டிஸ்க் போய்விட்டது என்று புதிது வாங்கக் கிளம்புபவர்களில் பலர் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் அதை லேப்டாப்பில் நேராக மாட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காகச் சுற்றினால் டிஸ்க்கில் குற்றமில்லை. தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப், அதாவது 5 வோல்ட் 2 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டரோடு வருவது, இடையில் போட்டால் சரியாகும். எங்கள் பரிந்துரை அதுகூட இல்லை. நிரந்தரமாக ஓரிடத்தில் இருக்கப்போகும் டிஸ்க்குக்கு, சொந்த 12 வோல்ட் அடாப்டர் உள்ள 3.5 அங்குலப் பெட்டியே வாங்குங்கள். போர்ட்டபிள் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் வகை. நூறு ஜிபியைத் தொடர்ந்து கொட்டினால் பாதியில் மூச்சு வாங்கும்.

அடுத்தது மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்கு என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும், அதற்குத் தயாராகலாம். எதிர்பாராமல் மதியம் இரண்டு நிமிடம் போய்விட்டு வருவதுதான் டிஸ்க்கைக் கெடுப்பது. இதற்குப் பலர் செய்யும் ஏற்பாடு, ரூட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டுவிட்டு, டிஸ்க்கின் அடாப்டரைச் சுவர் ப்ளக்கிலேயே விடுவது. இது ஒன்றும் போடாததைவிட மோசம். மின்சாரம் போனதும் ரூட்டர் விழித்திருக்கும், டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்துவிடும். மின்சாரம் வந்த பிறகு, ரூட்டர் பழைய இணைப்பை இன்னும் கைவிடாததால், அதே டிஸ்க்கைப் புதுப் பெயரில் ஏற்றிக்கொள்ளும். கணினியோ பழைய பெயரைத் தேடிக்கொண்டே இருக்கும். டிஸ்க் கண்ணெதிரே சுற்றுகிறது, பேக்கப் மட்டும் 'இல்லை' என்கிறது என்ற புலம்பலுக்கு இது முக்கியக் காரணம். ரூட்டரையும் டிஸ்க்கையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். ஓடும்போது இரண்டும் சேர்ந்து 25 வாட்டைத் தாண்டுவது அரிது. கணினிக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ் தாராளம். பெயர் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தால் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டிஸ்க்கைப் பாதுகாப்பாக நீக்கி, ரூட்டரை அணைத்து, டிஸ்க்கை முதலில் ஓடவிட்டு, அரை நிமிடம் கழித்து ரூட்டரைப் போடுங்கள்.

வேலூர் வெயிலைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். வெளிப்புற ஹார்ட் டிஸ்க் பலவற்றின் விவரக்குறிப்பில், ஓடும்போது சுற்றுப்புறம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கும். மேல்தளத்து மூடிய அலமாரியில் ரூட்டர், அதன் தலைமேல் டிஸ்க் என்று அடுக்கி வைத்தால் அந்தக் கணக்கு சித்திரையிலேயே உடைந்துவிடும். கீழ்த்தளத்தில், காற்றோட்டமாக, இரண்டையும் தள்ளி வையுங்கள். தள்ளி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. யுஎஸ்பி 3.0 கேபிளும் அதன் முனையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். இன்டெல் 2012இலேயே இதை ஆவணமாக வெளியிட்டது. டிஸ்க் வேலை செய்யத் தொடங்கியதும் வைஃபை தொய்ந்தால், பேக்கப்பே பேக்கப்பின் கழுத்தை நெரிக்கிறது என்று பொருள். டிஸ்க்கைக் கேபிள் நீளம் விடும்வரை விலக்குங்கள், கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சில ரூட்டர்களில் யுஎஸ்பி துளையை 2.0 வேகத்துக்கு இறக்கும் வசதி இருக்கிறது. வைஃபை பேக்கப்புக்கு அதுவே போதும்.

5 கிகாஹெர்ட்ஸின் குறை தடித்த சுவர். பழைய வேலூர் வீடுகளின் ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டினால் அது செத்துவிடும், 2.4தான் போய்ச் சேரும். வித்தியாசம் எவ்வளவு? 2.4இல் உண்மையில் கிடைப்பது நொடிக்கு 5 எம்பி என்று வையுங்கள். 200 ஜிபி போய்ச் சேர 11 மணி நேரம். அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸில் 30 எம்பி கிடைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ரூட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) விட்டுப் பாருங்கள். ஒற்றை இலக்க மில்லி நொடியில் பதில் வந்தால் நலம். நடுநடுவே 200, 300 என்று எகிறினாலோ பதிலே வராமல் போனாலோ மென்பொருளைத் தொடாதீர்கள்.

முதல் பேக்கப்பை வைஃபையில் எடுக்கவே வேண்டாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. சீக்கிரம் முடியட்டும் என்று டிஸ்க்கைக் கழற்றி மேக்கிலேயே நேராக மாட்டி முதல் பேக்கப் எடுப்பார்கள். நேராக மாட்டிய டிஸ்க்கில் டைம் மெஷின் எழுதும் முறை வேறு. நெட்வொர்க் வழியே எழுதும்போது ஒரு முழு டிஸ்க்கைப் போலவே நடக்கும் பெரிய வட்டுப் படிமத்தை (டிஸ்க் இமேஜ்) உருவாக்கி, அதைச் சிறு சிறு துண்டுக் கோப்புகளாக டிஸ்க்கில் வைக்கும். அதனால் டிஸ்க்கைத் திரும்ப ரூட்டரில் மாட்டினதும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். சரியான வழி: டிஸ்க் ரூட்டரிலேயே இருக்கட்டும், கணினியை லேன் கேபிளால் ரூட்டரோடு இணையுங்கள். முடிந்ததும் கேபிளை உருவிவிட்டால் வைஃபையில் அதே பேக்கப் தொடரும். ரூட்டரின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் ரகமா, கிகாபிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 100 என்றால், அது பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், நொடிக்கு 12 எம்பிக்கு மேல் எந்தக் கேபிளாலும் கிடைக்காது.

ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியிலும் வைஃபை, அதன் பின்னால் நாம் வாங்கிய ரூட்டரிலும் வைஃபை என்று இரண்டு ஓடும் வீடுகளில் வேறொரு தொல்லை. டிஸ்க் நம் ரூட்டரில், லேப்டாப் மட்டும் பெட்டியின் வைஃபையில் தொற்றிக்கொண்டால் டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுவதே நிம்மதி. விருந்தினர் வைஃபையில் இணைந்தாலும் இதே கதைதான். டிஸ்க்கைப் பெயரால் தேடாமல், 192.168.1.1 போன்ற ரூட்டர் முகவரியால் நேராகத் திறந்து பழகுங்கள். முகவரியில் திறக்கிறது, பெயரில் திறக்கவில்லை என்றால் கோளாறு பெயர் தேடலில் மட்டும்தான்.

விண்டோஸ் பக்கம் வருவோம். பழைய ரூட்டர்கள் பல, கோப்புப் பகிர்வு மொழியான எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் அதைக் கைவிடத் தொடங்கியது. 80070035 என்று முடியும் பிழை எண்ணோடு 'பாதை கிடைக்கவில்லை' என்று வந்தால் முதல் சந்தேகம் இங்கே. விண்டோஸில் அந்தப் பழைய கதவைத் திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. திறக்காதீர்கள். 2017இல் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை என்ற தீநிரல் அந்தக் கதவு வழியாகத்தான் பரவியது. ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து இரண்டாம் பதிப்பைப் போடுங்கள். அந்த வசதியே இல்லாத ரூட்டரைப் பேக்கப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

24எச்2 புதுப்பிப்புக்குப் பிறகு விண்டோஸ் 11 ப்ரோ, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வை ஏற்பதில்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று செய்தி வரும். வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம் என்று குழம்ப வேண்டாம். ரூட்டரில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி, அதையே விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் ரூட்டர் முகவரியோடு பதிந்துவிடுங்கள். லேப்டாப்பைத் திறக்கும் பின் (PIN) எண் இங்கே செல்லாது.

இனித் தமிழ்க்காரர்களுக்கே உரிய ஒரு கோளாறு. ஃபைல் ஹிஸ்டரி ஓடும், முடிந்தது என்றும் சொல்லும், சில கோப்புகள் மட்டும் டிஸ்க்கில் இருக்காது. காரணம், பெயரின் நீளம். டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் வடிவங்களில் ரூட்டருக்கு ஏற்றது இஎக்ஸ்டி4. ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டைப் பல ரூட்டர்கள் படிப்பதே இல்லை. ஆனால் இஎக்ஸ்டி4இல் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு மூன்று, அதுவும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே ஆறு பைட் போய்விடும். இதற்கு மேல் ஃபைல் ஹிஸ்டரி ஒவ்வொரு பெயரின் பின்னாலும் தேதியும் நேரமும் சேர்த்து 26 பைட்டை எடுத்துக்கொள்ளும். ஆக, தமிழில் 40 எழுத்தைத் தாண்டும் பெயர் ஆபத்து. மணமக்கள் பெயர், மண்டபம், ஊர், முகூர்த்தத் தேதி எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் ஸ்டூடியோக்கள் கவனிக்க. லேப்டாப்பின் சொந்த வடிவமான என்டிஎஃப்எஸ் இந்தப் பெயர்களைச் சுலபமாக ஏற்பதால் பிரச்சினை அங்கே தெரியவே தெரியாது. தவறியவற்றின் பட்டியலை விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் ஃபைல் ஹிஸ்டரி பகுதியில் பார்க்கலாம். விவரத்தை ஃபோல்டர் பெயர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், கோப்புக்குச் சிறிய பெயர் போதும்.

மேக்கில் இந்தத் தொல்லை இல்லை, பெயர்கள் எல்லாம் வட்டுப் படிமத்துக்குள்ளேயே இருக்கும். அதற்குப் பதில் படிமமே கெடும். பேக்கப் ஓடும்போது மூடியைச் சாத்தி எடுத்துப்போவது அடிக்கடி நடந்தால், ஒருநாள் 'நம்பகத்தன்மைக்காகப் புதிய பேக்கப் தொடங்க வேண்டும்' என்று செய்தி வரும். சம்மதித்தால் பழைய வரலாறு முழுவதும் போகும். உடனே சம்மதிக்காமல், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிட்டு, பழைய படிமத்திலிருந்து வேண்டியதை முதலில் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, கேபிள் மாட்டிய நிலையில், ஆப்ஷன் விசையை அழுத்தியபடி டைம் மெஷின் மெனுவைத் திறந்து பேக்கப்பைச் சரிபார்க்கச் சொன்னால் கோளாறு முற்றும் முன் தெரியும். ரூட்டரின் அமைப்பில் மேக்குக்கு இட வரம்பும் போடுங்கள். மேக் வட்டின் இரு மடங்குக்குச் சற்று மேல் போதும். வரம்பில்லாவிட்டால் டிஸ்க் நிறைந்த பிறகே பழையதை அழிக்கத் தொடங்கும், விண்டோஸ் பேக்கப் தெருவில் நிற்கும்.

இரண்டு வேலைகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரம் பாருங்கள். பல ரூட்டர்கள் அதைக் காட்டாது. விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும், அது இஎக்ஸ்டி4ஐப் படிக்கத் தெரியாததால். வேண்டாம் என்று சொல்லுங்கள். 197 என்ற குறியீடு உள்ள வரியில் (சில கருவிகளில் C5 என்று இருக்கும்; படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளின் கணக்கு) மூல மதிப்பில் சுழியைத் தவிர வேறு எண் நின்றுகொண்டே இருந்தால் புது டிஸ்க்குக்கு நேரம். இன்னொன்று, போன மாதத்து ஆல்பக் கோப்பு ஒன்றைப் பேக்கப்பிலிருந்து வேறு ஃபோல்டருக்கு மீட்டு, ஃபோட்டோஷாப்பில் திறந்து பாருங்கள், அடுக்குகள் எல்லாம் வருகிறதா என்று. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் அந்த மாத வேலையை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றிப் பீரோவில் வையுங்கள். எப்போதும் இணைந்தே கிடக்கும் டிஸ்க்கை, லேப்டாப்பில் நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் பூட்டிவிடும்.