ஒற்றன் என்ற பழியும் ஒளிந்தவன் என்ற பழியும்

முதல் உலகப் போரில் யூதர்மேல் விழுந்த இரண்டு பழிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1915இல் பின்வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யப் படை, ஜெர்மன் மொழியை ஒத்த இத்திஷ் பேசிய யூதர்களை ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டி, இன்றைய லிதுவேனியா, லாட்வியாவில் உள்ள கோவ்னோ, கூர்லாந்து பகுதிகளிலிருந்து குழந்தைகள், முதியவர்கள் என்றும் பாராமல் விரட்டியது. குஜியாய் என்ற சிற்றூரில் யூதர்கள் ஜெர்மன் வீரர்களை நிலவறைகளில் ஒளித்துவைத்ததாகச் செய்தி பரவியது. விசாரித்தபோது அது பொய் என்று தெரிந்தது.

ஜெர்மனியிலோ, யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் ஒளிகிறார்கள் என்பது பழி. 1916 அக்டோபரில் ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யாவின் போர் அமைச்சகம் படையிலிருந்த யூதர்களைத் தனியே கணக்கெடுக்க ஆணையிட்டு, முடிவைப் போர்க்காலத்தில் வெளியிடாமலே வைத்திருந்தது. ஏறத்தாழ 1,00,000 யூதர்கள் பணியாற்றி, 12,000 பேர் மாண்ட படை அது. கண்ணெதிரே கொடியது ரஷ்யாவில் நடந்ததுதான். ஆனால் பொய் வேரூன்ற அதிகம் உதவியது ஜெர்மன் கணக்கெடுப்பே என்பேன், ஏனெனில் வதந்தியை விசாரித்து மறுக்க முடிந்தது, அரசே எழுப்பிவிட்டு விடையை மறைத்த கேள்வியை மறுக்க எவருக்கும் வழியில்லை.